ஆறு மணி வாசம்

"அம்மா, வீடு பூரா தீபாவளிக் காலை மாதிரி மணக்குதும்மா!"

"அப்படியா?"

"ஆமா. மொதல்ல மழை பெஞ்ச மண்ணு. அப்புறம் பட்டாசு. கடைசில யாரோ தூரத்துல காபி போடுற மாதிரி. அப்பா ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தாங்க. போர்னா இப்படித்தான் மணக்குமாம்மா?"

"கிட்டத்தட்ட."

அந்த ஒரு சொல்லைத்தான் செலின் நான்கு மாதமாக மென்றுகொண்டிருக்கிறாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மகள் இசபெல் பெரம்பூர் வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டு கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் அது. செலின் நின்றுகொண்டிருந்தது கார்சா நாட்டின் உப்புக் கடற்கரையில், கூட்டுப்படையின் ஏழாம் பிரிவு முகாமில். அன்று காலையில்தான் அவள் ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டு முகம் கழுவினாள். போனைக் காதில் வைத்தபோதும் அந்தக் கிணறு மூக்குக்குள் இருந்தது. ஆனாலும் "கிட்டத்தட்ட" என்றுதான் சொன்னாள். வேறு எதையாவது சொல்லியிருந்தால் படையின் இயந்திரம் அழைப்பை அந்த இடத்திலேயே வெட்டியிருக்கும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதியை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

வீடுகளுக்கு மணப்பெட்டி வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாமான் டப்பா அளவில் உட்கார்ந்திருக்கும். முதலில் சமையல் நிகழ்ச்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பெருங்காயம் தாளிப்பது திரையில் தெரியும்போதே கூடத்தில் மணக்கும். பிறகு ஊதுவத்தி விளம்பரம், பிறகு கோயில் திருவிழா, பிறகு செய்தி. செலின் அந்தச் சமையல் நிகழ்ச்சியில்தான் மணப்பதிவாளராகச் சேர்ந்தாள். தூத்துக்குடியில் கருவாட்டுக் களம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். கண்ணைக் கட்டிவிட்டு மூட்டையை நீட்டினாலும் இது நெத்திலி, இது வாளை, இது சரியாகக் காயாத சாளை என்று சொல்லிவிடும் மூக்கு. அந்த மூக்கை நம்பித்தான் சேனல் அவளை வெள்ளத்துக்கும் தீ விபத்துக்கும் அனுப்பியது. அடுத்தடுத்து மூன்று போர்களுக்கும்.

கருவியின் பெயரும் மூக்குதான். சட்டைப் பொத்தான் போல நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது இழுக்கும் காற்றையெல்லாம் பிரித்துக் குறித்துக்கொள்ளும். நிருபர் படையோடு போகலாம், படையின் வண்டியில் ஏறலாம், படையின் சோற்றைச் சாப்பிடலாம். ஆனால் பதிவு நேராக சென்னைக்குப் போகாது. மேஜர் சஞ்சீவ் ராகவனின் கூடாரம் வழியாகத்தான் போகும்.

அவள் வந்த முதல் நாளே அவர் தேநீர் கொடுத்து விளக்கினார். டெல்லியில் வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

"மேடம், வாந்தி எடுத்தவன் நியூஸ் பாக்க மாட்டான். சேனலை மாத்திடுவான். அப்புறம் நீங்க எதுக்கு, நான் எதுக்கு? அதனால சின்னதா சீர் செய்யறோம். கெட்டதை எடுத்துடுவோம், மேல கொஞ்சம் நல்லதைப் பூசுவோம். அவ்வளவுதான்."

"எது கெட்டதுன்னு உங்க மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "தெரியாது. அதான் விஷயம். வாசத்தை அளக்க மிஷின் இருக்கு. நல்லதா கெட்டதான்னு சொல்ல மிஷின் கிடையாது. பெருங்காயம் உங்களுக்கு மணம், ஒரு வெள்ளைக்காரனுக்குக் குமட்டும். அதனால நாங்க உங்க வார்த்தையைத்தான் கேக்கறோம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சொல் போடுங்க. வாடை, வீச்சம், கவிச்சி, முடை, கருகல்... அந்த மாதிரி சொல்லெல்லாம் ஒரு பட்டியல்ல இருக்கு. அது வந்தா எங்ககிட்ட நிக்கும். மணம், வாசம்னு வந்தா நேரா ஆறு மணி நியூஸுக்குப் போயிடும்."

"பொய்யா 'மணம்'னு போட்டு அனுப்பினா?"

"பொய்ச் சொல் போட்டா ஒப்பந்த மீறல். அன்னைக்கே ஊருக்கு அனுப்பிடுவோம்." மேஜர் சிரித்தார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நிருபர் இல்லையா!"

இப்படித்தான் மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் மழை மண்ணும் பட்டாசும் மணந்தன. ஒவ்வொரு நாளும் முடிவில் ஒரு வரி வரும்: 'செலின் மரியதாஸின் மூக்கு வழியே.' அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ தன் முகத்தைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பதுபோல் அவளுக்கு இருக்கும்.

அவளோடு வந்த ஒளிப்பதிவாளர் பக்கிரி முகமது. நாகூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது. சேனலில் எல்லோருக்கும் அவர் நானா, நாகூர் வழக்கில் அண்ணன். எந்தக் குண்டு வெடித்தாலும் முதலில் லென்ஸைத் துடைப்பார், பிறகுதான் தன் முகத்தைத் துடைப்பார். அவருடைய படத்துக்கும் இதே கதிதான். பாதித் திரை எப்போதும் கலங்கலாகப் போகும்.

பட்டியலில் இருந்த ஓட்டையை அவர்தான் கண்டுபிடித்தார். அதுவும் விளையாட்டாக.

மேஜரின் சாக்ஸ் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துவைக்காமலே காயப்போட்டிருந்தார்கள் போல. அந்தப் பக்கம் போன ஆடு ஒன்று நின்று யோசித்துவிட்டு வேறு வழியாகப் போனது.

"அந்த மூக்கைக் கொண்டா புள்ள, இதைப் பதிவு பண்ணுவோம்" என்றார் நானா.

"சும்மா இருங்க நானா."

"நாட்டுக்காக உழைக்கிற சாக்ஸ். ஊரு பாக்க வேணாமா?" பதிவு செய்தார். 'இது என்ன? ஒரு சொல்லில்' என்று கருவி கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே 'நாற்றம்' என்று தட்டினார்.

'நன்றி. ஒளிபரப்புக்கு ஏற்றது' என்றது கருவி.

அன்று ஆறு மணிக்கு மழை மண்ணுக்கும் காபிக்கும் நடுவில் மேஜரின் சாக்ஸ் ஏழரைக் கோடிப் பேர் வீட்டுக்குப் போனது. சேனல் வருத்தம் தெரிவித்தது. மணப்பெட்டிக் கம்பெனி எல்லோரையும் வடிகட்டியைக் கழுவச் சொன்னது. மேஜர் எல்லா ஒயர்களையும் மாற்றச் சொன்னார். செலினும் நானாவும் வண்டிக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஊரில் அவள் மனம்விட்டுச் சிரித்தது அன்று மட்டும்தான்.

"எப்படி நானா விட்டுச்சு?"

"நான் பி.ஏ. தமிழ் புள்ள, மறந்துட்டியா? பழைய பாட்டுல நாற்றம்னா நல்ல வாசம். பூவோட நாற்றம்பாங்க, சந்தனத்தோட நாற்றம்பாங்க. எவனோ புலவர்கள் கமிட்டி போட்டு அகராதியைப் பாத்துப் பட்டியல் குடுத்திருக்கான். தெருவுல ஒரு நாளும் இறங்கி நடக்காத ஆளா இருப்பான்."

"அப்ப இது பொய்ச் சொல்லும் இல்ல."

"இல்லவே இல்ல. நீ உண்மையைத்தான் சொல்ற. அவன் மிஷின் இலக்கியம் படிச்சிருக்கு, அவ்வளவுதான்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். எதற்கு வைத்திருக்கிறோம் என்று இருவருக்கும் அப்போது தெரியவில்லை.

தெரிந்தது ஒரு வியாழக்கிழமை.

வாரத்துக்கு ஒரு அழைப்புதான் அனுமதி. இசபெல்தான் எடுத்தாள். குரலிலேயே ஒரு துள்ளல்.

"ம்மா, உக்காரு. உக்காந்துட்டியா? நான் சேர்ந்துட்டேன்!"

"எதுல?"

"பெண்கள் தொண்டர் படைல. பத்தொன்பது முடிஞ்சா போதுமாம். திங்கக்கிழமை காலைல ரிப்போர்ட் பண்ணணும். மூணு மாசம் ட்ரெயினிங், அப்புறம் அங்கதான், உங்க ஏரியாதான்!"

"அப்பா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. உங்கம்மாகிட்டக் கேளுன்னாங்க. ம்மா, ஆள் எடுக்குற ஹால்ல உள்ள நுழைஞ்சதுமே அந்த வாசம்தான். சுவத்துல உன் பேரு பெருசா! அங்க இருந்த மேடம் என் ஃபாரத்தைப் பாத்துட்டு, செலின் மரியதாஸ் பொண்ணா நீ, உங்கம்மா மூக்கைப் புடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை புள்ளைங்க வந்திருக்குன்னாங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

செலினுக்கு எப்படி இருந்தது என்றால், வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு. இங்க வாசம் அப்படி இல்ல, அது..."

அழைப்பு அறுந்தது. 'விதி மீறிய சொல். அடுத்த அழைப்பு ஏழு நாள் கழித்து' என்று திரையில் வந்தது. ஏழு நாள் கழித்து இசபெல் எங்கே இருப்பாள் என்று அந்தத் திரைக்குக் கவலை இல்லை.

அவள் போனைப் பிடித்தபடியே நின்றாள். மகளை எந்த முகத்தோடு தடுப்பது? இசபெல்லுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஆரம்பித்த பயணங்கள் இவை. பிறந்தநாளில் பாதி வீடியோ அழைப்பில்தான் நடந்தது. இசபெல் ஒரு தடவைகூட அழுததில்லை. அம்மா கிளம்பும்போது பயணப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பிடிவாதம் பிடிக்கும் ஜிப்பைத் தன் சின்னக் கையால் இழுத்து மூடிவிடுவாள். "எம்மக மாதிரி தைரியமான புள்ளை கிடையாது" என்று செலின் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லால முடியாதுன்னா வாசத்தால சொல்லு" என்றார் நானா.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவர்களைக் கடலோரக் கிடங்கு ஒன்றுக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். மூன்று நாளுக்கு முன் படை குண்டு போட்ட இடம். 'எதிரி ஆயுதம் பதுக்கிய, ஆளில்லாத கருவாட்டுக் கிடங்கு' என்று அறிக்கை ஏற்கெனவே வந்தாயிற்று.

சிப்பாய்கள் மூக்கில் புதினா தடவிய அடைப்பான் போட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு பேர் பெட்டியின் மேல் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மதுரைக்காரன்.

"வாங்க மேடம், உங்க ஊரு ஐட்டம்தான். கருவாடு! சுட்டுத் தரவா?"

மற்றவன் சிரித்ததில் பிஸ்கட் ஊறிய தேநீர் தாடையில் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்து, புறங்கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

செலின் உள்ளே போனாள். முதலில் உப்பு வந்தது. அப்புறம் காய்ந்த வாளையும் சுறாவும், அவளுக்குப் பழக்கமான அந்தக் கார வீச்சம். கருவாடு நாக்கின் ஓரத்தைக் கீறும், தொண்டையில் உட்கார்ந்து இருமவைக்கும். என்ன செய்தாலும் ஒன்று மட்டும் செய்யாது. அது தித்திக்காது.

இந்தக் கிடங்கில் காற்று தித்தித்தது.

அழுகிய பலாப்பழத்தை மூடிய அறையில் வைத்ததுபோல் கொழகொழவென்று ஒரு தித்திப்பு. மூச்சை வாயால் இழுத்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேலே கொடிகளில் வாளை மீன் வரிசையாகத் தொங்கியது. கீழே இடிந்த ஓடுகளுக்கு அடியில், குண்டுக்குப் பயந்து இங்கே வந்து ஒளிந்தவர்கள் கிடந்தார்கள். வலையைப் போர்வையாகப் போர்த்தியிருந்தார்கள். ஈக்கள் மேலேயும் கீழேயுமாகப் போய்வந்தன. அவற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பெண்ணின் பின்னல் மட்டும் அவிழாமல் கிடந்தது. இசபெல்லின் வயதுதான் இருக்கும். அந்தப் பின்னலில் வெள்ளையாக நெளிந்தவற்றைச் செலின் முதலில் உப்பு என்றே நினைத்தாள்.

நானா வெளியே ஓடிப்போய் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். "கருவாட்டுக்கே இப்படியா பாய்!" என்று யாரோ சிரிப்பது கேட்டது.

செலின் நகரவில்லை. நெஞ்சில் மூக்கு வேலை செய்துகொண்டிருந்தது. நான்கு நிமிடம் பிடிக்கும் முழுப் பதிவுக்கு. நான்கு நிமிடமும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கும் பழக்கத்தில் கை மேலே போய், சேலை கட்டி எத்தனை மாதமாயிற்று என்று உறைத்து நின்றது.

'இது என்ன? ஒரு சொல்லில்.'

நானா அருகில் வந்து பார்த்தார். அவள் தட்டினாள்: நாற்றம்.

'நன்றி. ஒளிபரப்புக்கு ஏற்றது.'

ஆறு மணிக்கு இருவரும் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பெரம்பூரில் போயிருக்கும். இப்போது கோயம்புத்தூரில், சேலத்தில். ஏழரைக் கோடிப் பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்திருப்பதை அவள் மனதில் பார்த்தாள். இனி ஒரு பிள்ளையும் அந்த ஹாலுக்குள் நுழையாது. இசபெல் நுழையமாட்டாள்.

சனிக்கிழமை காலையில் மேஜர் வந்தார். கத்துவார் என்று செலின் எதிர்பார்த்தாள். அவர் மடக்கு நாற்காலியைத் தானே விரித்து உட்கார்ந்து, காலின் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"பிரமாதம் மேடம். நாற்றம்! நேத்துதான் எனக்கு அதோட பழைய அர்த்தம் சொன்னாங்க. இப்ப கெட்ட பட்டியல்ல சேர்த்தாச்சு." உண்மையாகவே ரசித்தார். "ஊர்ல என்ன நடந்துச்சு தெரியுமா? நாங்க கருவாட்டுக் கிடங்குன்னு முன்னாடியே சொல்லிட்டோம் இல்லையா? ஒரே சிரிப்பு. அபார்ட்மெண்ட்ல எல்லாம் பக்கத்து வீட்டுல கருவாட்டுக் குழம்புன்னு சண்டை போட்டிருக்காங்க. ஒருத்தர் நேரா எங்க ஆபீசுக்குப் போன் பண்ணி, கத்திரிக்காய் போட்டா வாடை போயிடும்னு சொன்னாராம்."

அந்தப் பின்னலை ஏழரைக் கோடிப் பேர் குழம்பு என்று நினைத்து மோந்திருக்கிறார்கள்.

"ஒரே ஒரு தொந்தரவு" என்றார் மேஜர். "உங்க கடற்கரைக்காரங்க. தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம். நேத்துலேருந்து நூத்துக்கணக்குல போன். அது கருவாடு இல்லைங்கறாங்க. புயலுக்கு அப்புறம் கரை ஒதுங்கின உடம்பைத் தூக்கினவங்களாம், தெரியுமாம். ரெண்டு பாதிரியார் சாவு மணி வேற அடிச்சிருக்காங்க."

நானா மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. தொழுகை வாசகமாக இருக்கலாம்.

"அதனால..." மேஜர் ஒரு தாளை நீட்டினார். இரண்டே வரி. 'நான் தூத்துக்குடியில் கருவாட்டுக் களத்தில் வளர்ந்தவள். வெள்ளியன்று நான் பதிவு செய்தது கருவாட்டு வாசமே.' கீழே அவள் பெயர்.

"இது பொய்."

"ஆமா. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்க மூக்கு அப்படி." அவர் குரலைத் தாழ்த்தினார், ரொம்ப அக்கறையோடு. "உங்க பொண்ணு திங்கக்கிழமை சேர்றா இல்ல? அதுக்குள்ள பேசணும்னு உங்களுக்கு இருக்கும். கையெழுத்துப் போடுங்க, அஞ்சு நிமிஷம் லைன் தரேன். எந்தச் சொல்லுக்கும் வெட்ட மாட்டோம். மனசுல இருக்கறதைப் பேசுங்க. நானும் ரெண்டு குழந்தைக்கு அப்பாதான்."

அவர் மேலிருந்து ஷேவிங் லோஷன் வாசம் வந்தது. எலுமிச்சை. நல்ல வாசம்தான். கிடங்கில்கூட அவளுக்கு இப்படிக் குமட்டவில்லை.

"நானா?" என்றாள்.

"என்னைக் கேக்காத புள்ள." அவர் நிமிரவில்லை. "வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. போடுன்னு சொல்லவும் வரல. எனக்கும் மூணு பொண்ணு."

போகாதே என்று சொல்ல ஐந்து நிமிடம். அதற்குப் பதிலாக, வலையைப் போர்த்திக்கொண்டு கிடந்தவர்களை மீன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பாள். இருந்திருந்தால் அவளும் பக்கத்திலேயே கிடந்திருப்பாள். செலின் தாளை வாங்கி முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். முழுப்பெயர், செலின் மரியதாஸ். பேனாவுக்கு எந்த வாசமும் இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

மேஜர் தாளை வாங்கி ஊதிக் காயவைத்தார். போனைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

முதல் மணி முடிவதற்குள் இசபெல் எடுத்துவிட்டாள்.

"அம்மா! அப்பாடா. இப்பத்தான் லைன் குடுத்தானுங்களா? நேத்துலேருந்து உங்க முகாமுக்கு நான் பதினாறு தடவை போட்டுட்டேன். எமர்ஜென்சின்னு சொன்னேன், பொண்ணு பேசுறேன்னு சொன்னேன். மேஜர்கிட்ட சொல்லிட்டோம், மேஜர்கிட்ட சொல்லிட்டோம்னே சொல்றாங்க!"

செலின் மேஜரைப் பார்த்தாள். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா எமர்ஜென்சி?"

"நான் போகல. ஃபாரத்தை வாபஸ் வாங்கியாச்சு. நேத்து ஆறரை மணிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

செலின் வண்டியின் படியில் உட்கார்ந்தாள். பேனாவைப் பிடித்திருந்த விரல்களைச் சட்டையில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்."

"அது கருவாடா?"

மேஜர் நிமிர்ந்தார். ஐந்து நிமிடமும் வெட்டமாட்டேன் என்றவர்.

"இல்ல" என்றாள் செலின். "ஆளுங்க. ஒளிஞ்சிருந்தவங்க. உன் வயசுல ஒரு பொண்ணு."

"அப்பா மோந்ததும் எழுந்து போயி மாடிப்படில உக்காந்துட்டாங்க. கருவாட்டுக்குப் போய் இப்படியான்னு நான் சிரிச்சேன்மா. அப்புறம்தான் சொன்னாங்க, அவங்க சித்தப்பாவைக் கரையிலேருந்து தூக்குனப்ப இதே வாசம்தானாம். அதுக்கப்புறம் நான் போயி மறுபடி ஓட்டிப் பாத்தேன். ரெண்டு தடவை."

"எதுக்குப் பாப்பா? ஏன் அதைப் போயி..."

"உன்னைத் தேடுனேன்." இசபெல்லின் குரல் சட்டென்று சின்னதாயிற்று. "பட்டாசு வாசம் எனக்குப் புடிக்கும்னு நெனச்சியா? யாருக்கு வேணும் அது! தினமும் நான் ஓட்டுனது அதுக்கில்ல. அந்த மூக்கை நெஞ்சுல தான மாட்டியிருக்க? எல்லாத்தையும் மாத்துறானுங்க, உன் வேர்வையை மாத்தல. மழை, பட்டாசு எல்லாம் போனதும் அடியில லேசா வரும்மா. தேங்காண்ணெயும் வேர்வையும். வீட்டுக்கு வந்து நீ பெட்டியை வைப்பியே, அப்ப அடிக்குமே, அந்த வாசம். அங்க வந்தா அதுக்குப் பக்கத்துல இருக்கலாம்னுதான் பேர் குடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

"பாப்பா..."

"நேத்தும் இருந்த. அந்த நாத்தத்துக்கு நடுவுல. எது நீ, எது அவங்கன்னு பிரிக்கவே முடியல. எல்லாரும் மூக்கைப் பொத்துனாங்க, நான் உன்னைத் தேடித் தேடி அதை முழுசா இழுத்துட்டேன்மா. எனக்குக் கொமட்டக்கூட இல்ல. அதான் பயமா இருக்கு."

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானா எழுந்து வந்து அவருக்கும் செலினுக்கும் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லு பாப்பா" என்றாள் செலின். தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை. "வேற என்னவோ இருக்கு உனக்கு. என்ன வேணும்? கேளு."

"கேட்டா திட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

"ஒவ்வொரு தடவை ஜிப்பை இழுத்து விடுறப்பவும் கேக்கணும்னு நெனப்பேன். ஆறு வயசுலேருந்து. நீ எல்லாருகிட்டயும் எம்மக தைரியசாலின்னு சொல்லிட்டியா, அப்புறம் எப்படிக் கேக்குறது?" இசபெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, பத்தொன்பது வயதுப் பெண் பேசுவதுபோல் இல்லாமல், சொன்னாள்:

"போகாதம்மா. வீட்டுக்கு வந்துரு."